"பன்னிரண்டாம் வகுப்பில் வருமே, டீச்சர்" என்ற தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

பதிவு நீளமானது. நேரம் இல்லாதவர்கள் இப்போதே நகர்ந்துவிடலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து பரிணாமத்தை எடுத்துவிட்டதைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். 2022ல் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி என்.சி.இ.ஆர்.டி. இதைச் செய்தது. "மரபுவழியும் பரிணாமமும்" என்றிருந்த பாடம் "மரபுவழி" என்று பாதியாக நின்றது. 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் அதைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். "அதுதான் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே" என்பதே அதற்கும் பதிலாக வந்தது.

என் பதிவின் கீழே என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் வந்து வாதாடினான். பையன் என்கிறேன், அவனுக்கே பத்தாம் வகுப்பில் மகள் இருக்கிறாள். வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் இன்ஜினியர். அவன் சொன்னது மூன்று விஷயம்.

ஒன்று: "பன்னிரண்டாம் வகுப்பில் வருமே, டீச்சர். இப்பவே எதுக்குப் பிள்ளைங்க தலையில ஏத்தணும்?"

இரண்டு: "கொரோனாவைப் பார்த்த பிள்ளைங்களுக்கு நோய் எதிர்ப்புச் சக்தியைச் சொல்லிக் கொடுங்க, பிரயோஜனப்படும். குரங்குக் கதை எதுக்கு?"

மூன்று: "உயிர்களுக்குள்ள ஒத்துமை இருக்குங்கறதால எல்லாம் சொந்தம்னு சொல்றது தப்பு. எங்க கம்பெனி ஒரே பிரேக்கை நாலு மாடல் வண்டிக்குப் போடுது. அதனால அந்த வண்டிங்க பங்காளிங்களா?"

மூன்றாவதுக்கு விழுந்த லைக்குகள் என் பதிவுக்கே விழவில்லை. சாமர்த்தியமான பேச்சு, ஒப்புக்கொள்கிறேன். அங்கேயே ரெண்டு வரியில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் என்னிடம் படித்தவன். அவனுக்கு முழுப் பதில் தர நான் கடமைப்பட்டவள்.

நான் விஞ்ஞானி இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து நடுநிலைப் பள்ளியில் பாடம் எடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து படிக்க நேரம் கிடைத்தது. அதனால் தம்பி, உன் பேச்சையே கையில் எடுக்கிறேன். நோய் எதிர்ப்புச் சக்தி என்றாய், பிரேக் என்றாய். இரண்டையும் வைத்தே பேசுவோம்.

நம் ரத்தத்தில் "இயற்கைக் கொல்லி செல்" என்று ஒரு வகை வெள்ளை அணு இருக்கிறது. 1975ல் ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் இதைப் பிரித்து அடையாளம் கண்டார்கள். உடம்பில் வைரஸ் புகுந்த செல்லையும் புற்றாக மாறிய செல்லையும் தேடிக் கொல்வது இதன் வேலை. சொந்த உடம்பின் கோடானுகோடி செல்களுக்கு நடுவே எதைக் கொல்வது, எதை விடுவது என்று அதற்கு எப்படித் தெரியும்?

ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி கிளாஸ் கார்ரே 1980களில் இதற்கு விடை சொன்னார். நம் ஊர் வழக்கில் சொன்னால் இப்படி. விடியற்காலையில் தெருவோடு போகிற ஒருவர் ஒவ்வொரு வாசலையும் பார்க்கிறார். கோலம் இருந்தால் வீட்டில் எல்லாம் சரி என்று போய்விடுகிறார். கோலம் இல்லாத வாசலில் நின்று, என்ன ஆச்சு இந்த வீட்டுக்கு என்று விசாரிக்கிறார். நம் செல்கள் தம் மேற்பரப்பில் இப்படி ஒரு கோலம் போட்டு வைத்திருக்கின்றன. மனிதனில் அந்தப் புரதங்களுக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். சில வைரஸ்கள் செல்லுக்குள் புகுந்ததும் முதல் வேலையாக இந்தக் கோலத்தை அழித்துவிடும். வேறு வகைக் காவல் செல்களிடமிருந்து தப்பிக்க அது செய்யும் தந்திரம். ஆனால் கோலம் இல்லாததே இயற்கைக் கொல்லி செல்லுக்குத் துப்பாகிவிடுகிறது.

அப்படியானால் கொல்லி செல்லுக்குக் கோலத்தைப் பார்க்கும் கண் வேண்டும். அந்தக் கண்ணுக்குப் பெயர் ஏற்பி. கோலத்தைக் கண்டதும் அது கொல்லி செல்லுக்குள் "வேண்டாம், நிறுத்து" என்று சொல்ல வேண்டும். அதாவது தம்பி, அது ஒரு பிரேக்.

இந்தப் பிரேக்கை முதலில் கண்டுபிடித்தது சுண்டெலியில். 1992ல் வேய்ன் யோகோயாமாவின் குழு கண்டது. அதற்கு லை-49 என்று பெயர். மூன்றே வருடத்தில், 1995ல், மனிதனில் அதே வேலையைச் செய்யும் ஏற்பிகளின் மரபணுக்களை மார்கோ கொலோன்னா, எரிக் லாங் ஆகியோரின் குழுக்கள் பிரித்தெடுத்தன. அவற்றைக் கிர் என்கிறார்கள்.

இப்போது உன் கம்பெனிக் கணக்குப்படி என்ன இருந்திருக்க வேண்டும்? எலியிலும் மனிதனிலும் அதே கோலம், அதே காவலாளி, அதே வேலை. எலியில் போட்ட பிரேக்கையே மனிதனிலும் போட்டிருக்க வேண்டும். நீயே சொன்னாய், நாலு மாடலுக்கும் ஒரே பிரேக் என்று.

ஆனால் லை-49 வேறு, கிர் வேறு. உருவம் வேறு, குலம் வேறு. கிர் ஏற்பி நம் ரத்தத்தின் எதிர்ப்பொருள்கள் இருக்கிறதே, அவற்றின் அடுக்குபோல மடிந்த புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. லை-49, லெக்டின் என்கிற முற்றிலும் வேறு புரதக் குடும்பத்தின் வழியில் வந்தது. கிர் புரதத்தின் தலைமுனை செல்லுக்கு வெளியே இருக்கிறது. லை-49ன் தலைமுனை செல்லுக்கு உள்ளே இருக்கிறது, தலைகீழாகச் செருகியதுபோல. மனிதனின் கிர் மரபணுக்கள் 19ஆம் குரோமோசோமில் இருக்கின்றன. எலியின் லை-49 மரபணுக்கள் எலியின் 6ஆம் குரோமோசோமில். அந்த எலிப் பகுதிக்கு நம்மிடம் இணையான இடம் 12ஆம் குரோமோசோம், 19 இல்லை.

ஒரே வேலைக்கு, ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு பாகம். எந்தக் கம்பெனி இப்படிச் செய்யும்?

நீ விடமாட்டாய், தெரியும். "மாடலுக்கு ஏத்த மாதிரி வேற வேற பாகம் போட்டிருப்பாங்க, டீச்சர்" என்பாய். சரி, அடுத்ததைக் கேள்.

நம் 12ஆம் குரோமோசோமில், எலிக்கு லை-49 கூட்டம் இருக்கும் அதே இணையான இடத்தில், அக்கம்பக்கத்தில் அதே அண்டை மரபணுக்களோடு, மனிதனுக்கும் ஒரே ஒரு லை-49 இருக்கிறது. செத்துப்போன லை-49. எழுத்துகள் சிதைந்து, வேலை செய்யும் புரதத்தை உண்டாக்க முடியாமல் வெறுமனே கிடக்கிறது. எலிக்கோ கிர் குடும்பத்தின் மரபணு இரண்டு இருக்கின்றன. ஆனால் நம்மைப் போல் அந்தக் குடும்பம் வழக்கமாக இருக்கும் இடத்தில் இல்லை. வீட்டை விட்டு வெளியேறி எக்ஸ் குரோமோசோமில் போய் உட்கார்ந்திருக்கின்றன. நமக்குக் கிர் செய்கிற வேலையை எலிக்கு அவை செய்வதில்லை.

நீ வடிவமைத்த வண்டிக்குள், பக்கத்துக் கம்பெனி பிரேக்கின் துருப்பிடித்த துண்டு ஒன்று, அந்தக் கம்பெனி மாட்டும் அதே இடத்தில், அதே ஆணிகளுக்கு நடுவே மாட்டியிருந்தால் நீ என்ன முடிவுக்கு வருவாய்? யாரோ வரைபடம் போட்டு மாட்டினார்கள் என்பாயா, இந்த இரண்டு வண்டிக்கும் பழைய வண்டி ஒன்று பொதுவாக இருந்திருக்கிறது என்பாயா?

பழைய வண்டி இருந்தது. மனிதனுக்கும் சுண்டெலிக்கும் பொதுவான மூதாதை சுமார் 8, 9 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பாலூட்டி. அதனிடம் இரண்டு குடும்பத்தின் மூல மரபணுவும் இருந்தன. எலியின் வழியில் லை-49 பெருகியது. நம் வழியில் கிர் பெருகி லை-49 செத்தது.

இதை ஊகம் என்பவர்கள் மற்ற விலங்குகளைப் பார்க்கட்டும். குதிரைக்கு லை-49 பல இருக்கின்றன. மாட்டுக்குக் கிர் பெருகியிருக்கிறது. அதிலும் ஒரு விசேஷம். கிர் குடும்பத்துக்குள்ளேயே பழைய கிளை இரண்டு உண்டு. மனிதனிலும் குரங்குகளிலும் ஒரு கிளை பெருகியது. மாட்டில் மற்றக் கிளை பெருகியது. மாட்டில் பெருகிய அந்தக் கிளையில் நம்மிடம் ஒரே ஒரு மரபணு ஓரமாக நிற்கிறது. மடகாஸ்கரின் லெமூர் வகை ஒன்றில் இரண்டுமே பெருகவில்லை, மூன்றாவதாக வேறொரு குடும்பம் பெருகியிருக்கிறது. கடல்நாய்க்கும் கடற்சிங்கத்துக்கும் கிர் ஒன்று, லை-49 ஒன்று, அவ்வளவே. பெருக்காமலேயே கடலில் சௌக்கியமாக வாழ்கின்றன.

ஒரே தாத்தாவின் நிலத்தைப் பாகம் பிரித்துக்கொண்ட பேரன்கள் மாதிரி இருக்கிறது இது. ஒருவன் மேட்டு நிலத்தில் வீடு கட்டினான், கிணற்றடியைத் தரிசாகப் போட்டான். இன்னொருவன் கிணற்றடியில் தோப்பு வைத்தான், மேட்டை விட்டுவிட்டான். இன்னொருவன் இரண்டையும் தாத்தா விட்டபடியே வைத்திருக்கிறான். பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் எல்லை எல்லாம் பொருந்துகிறது. வடிவமைப்பாளன் வேலையில் இப்படித் தரிசு கிடக்காது. பாகப்பிரிவினையில்தான் கிடக்கும்.

மரபணு எப்படிப் பெருகும் என்று கேட்பாய். கரும்பலகையைப் பார்த்து எழுதும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அடுத்தடுத்து இரண்டு வரி ஒரே மாதிரி தொடங்கினால், ஒரு பிள்ளை ஒரே வரியை இரண்டு தடவை எழுதும். இன்னொரு பிள்ளை ஒரு வரியைத் தாண்டிவிடும். மூன்றாவது பிள்ளை மேல் வரியின் தலையையும் கீழ் வரியின் வாலையும் ஒட்டிப் புது வரி எழுதும். கிர் மரபணுக்கள் நெருக்கமாக வரிசையில் இருக்கின்றன, ஒன்றுபோல் ஒன்று. இனச்செல்கள் உண்டாகும்போது குரோமோசோம் ஜோடிகள் பக்கத்தில் நின்று துண்டுகளை மாற்றிக்கொள்ளும். அப்போது வரிசை ஒரு படி நழுவினால் ஒருவருக்கு ஒரு மரபணு கூடும், மற்றவருக்குக் குறையும், சில ஒட்டுப்போட்டுப் புதிதாகும். அதனால்தான் மனிதருக்கு மனிதர் கிர் எண்ணிக்கையே மாறுகிறது. எலியிலும் இதே கதை. ஆய்வகங்களில் வளர்க்கும் ஒரு கறுப்பு எலி வகைக்குச் செத்தவற்றையும் சேர்த்து லை-49 மரபணு 15. ஒரு வெள்ளை எலி வகைக்கு 8.

அடுத்து வருவது எனக்கு ரொம்பப் பிடித்தது. எலியைத் தாக்கும் ஒரு வைரஸ் இருக்கிறது, சைட்டோமெகலோ வைரஸ். அது செல்லின் கோலத்தை அழித்துவிட்டு, மாட்டிக்கொள்ளாமல் இருக்கத் தானே ஒரு பொய்க் கோலம் போடுகிறது. சில எலி வகைகளில் லை-49ன் ஒரு பிரேக் இதைப் பார்த்து ஏமாந்துபோய் "எல்லாம் சரி" என்று சொல்லிவிடுகிறது. மேலே சொன்ன கறுப்பு எலியிலோ, அந்தப் பிரேக்கின் நெருங்கிய சொந்தமான இன்னொரு லை-49 அதே பொய்க் கோலத்தைப் பார்த்ததும் "கொல்" என்கிறது. பிரேக்கின் நகல் ஒன்று ஆக்ஸிலரேட்டர் ஆகிவிட்டது. அந்த எலி அந்த வைரஸைத் தாங்குகிறது. 2002ல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள்.

பிரேக் எப்படி ஆக்ஸிலரேட்டர் ஆகும்? ஏற்பியின் உள்வாலில் பிரேக்குக்கென்று ஒரு சிறு அடையாளம் உண்டு, ஆறு அமினோ அமிலம் நீளம்தான். அது போய், வேறொரு துணைப் புரதத்தோடு கொக்கி மாட்டிக்கொள்ள வழி கிடைத்தால் போதும். எலியின் லை-49 குடும்பத்தில் இது நடந்திருக்கிறது. மனிதனின் கிர் குடும்பத்திலும் தனியாக நடந்திருக்கிறது. ஒரு தடவை மட்டும் இல்லை, திரும்பத் திரும்ப. தங்களுக்குள் சம்பந்தமில்லாத இரண்டு குடும்பமும் ஒரே நெருக்கடிக்கு ஒரே வழியைக் கண்டிருக்கின்றன.

தம்பி, நீ "ஒற்றுமை இருந்தால் சொந்தம் என்று சொல்வது தப்பு" என்றாயே, அது சரிதான். அந்தப் பாதிப் பாடத்தை உனக்குச் சொல்லிக்கொடுத்ததே பரிணாமம்தான். இதற்காக யாரும் பிஎச்.டி. படிக்க வேண்டாம். நம் மாநிலப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கும் மூன்று சொல் போதும். மனிதனின் கை, வௌவாலின் இறக்கை, திமிங்கிலத்தின் துடுப்பு: வேலை வேறு, எலும்பமைப்பு ஒன்று. அமைப்பு ஒத்த உறுப்புகள். பறவையின் இறக்கை, பூச்சியின் இறக்கை: வேலை ஒன்று, அமைப்பு வேறு. செயல் ஒத்த உறுப்புகள். குடல்வால்: எச்ச உறுப்பு. அவ்வளவுதான். எலியின் லை-49ம் மனிதனின் கிர்ரும் செயல் ஒத்தவை. எலியின் லை-49ம் நம் செத்த லை-49ம் ஒரே குலம். நம்முடையது எச்சம்.

என்.சி.இ.ஆர்.டி. எடுத்துப் போட்டது என்ன என்று பார். அமைப்பு ஒத்தவை எவை, செயல் ஒத்தவை எவை, எதை வைத்துச் சொந்தம் என்று தீர்மானிப்பது என்கிற அந்தப் பகுதியேதான் போயிற்று. போலி ஒற்றுமைக்கும் நிஜ உறவுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுக்கும் பக்கங்கள். அவற்றைக் கிழித்துவிட்டு, "ஒற்றுமை இருந்தால் சொந்தமா?" என்று கேலியும் செய்தால் எப்படி?

சரி, பிரயோஜனம் என்றாயே. அதற்கும் வருகிறேன்.

கர்ப்பத்தில் பி.பி. ஏறி, கைகால் வீங்கி, கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரைக்கும் போகும் ஒரு நோய் உண்டு. தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் கொண்டுபோகக் கூடியது. அதற்குக் காரணம் பல. அதில் ஒன்று இந்தக் கிர்ரோடு சம்பந்தப்பட்டது. கருப்பையிலும் இயற்கைக் கொல்லி செல்கள் உண்டு. பெயர்தான் கொல்லி. அங்கே அவை நஞ்சுக்கொடி வேரூன்றவும், தாயின் ரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கவும் உதவுகின்றன. பிள்ளையின் செல்கள் போடும் கோலத்தில் பாதி தகப்பன் வழியில் வந்தது. தாயிடம் சில வகைக் கிர் மட்டும் இருந்து, பிள்ளையிடம் ஒரு குறிப்பிட்ட வகைக் கோலம் இருந்தால், பிரேக் அளவுக்கு மீறி விழுந்து இந்த நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மொஃபெட்டின் குழு 2004ல் இதை வெளியிட்டது. வாய்ப்பு கூடுகிறது என்றுதான் சொல்கிறேன், தலைவிதி என்று சொல்லவில்லை. யார் மேலும் பழி போடவும் இதில் இடமில்லை. "மருமகள் வந்த ராசி" என்று பேசும் வாய்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

இதை எலியை மட்டும் வைத்துப் படித்துவிட முடியுமா? கோலம் பார்க்கிற தத்துவமே எலியில்தான் கண்டுபிடித்தார்கள், அது மனிதனுக்கும் பொருந்தியது. அந்த மட்டில் எலிக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் மனிதக் கிர்ரைப் பற்றிய கேள்விக்குச் சாதாரண எலியிடம் பதில் இல்லை. அந்தக் கண் அதற்கு இல்லை. மனிதனின் கிர் மரபணுவை எலிக்குள் வைத்து வளர்த்தும் ஆராய வேண்டியிருக்கிறது. எதை எலியிடம் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று சொல்வது உறவுமுறை தெரிந்த அறிவு. சொந்தம் பார்க்கத் தெரியாதவனுக்கு இந்த இடத்தில் வழி தெரியாது.

ரத்தப் புற்றுநோயில் எலும்பு மஜ்ஜை மாற்றும்போதும் இதே கிர் வருகிறது. கொடுப்பவரின் கொல்லி செல்கள் எதிர்பார்க்கும் கோலம் நோயாளியிடம் இல்லாதபோது, மிச்சமிருக்கும் புற்றுச் செல்களை அவை தாக்குகின்றன, சில வகை ரத்தப் புற்றில் நோய் திரும்புவது குறைகிறது என்று இத்தாலியின் பெரூஜியா நகர மருத்துவர்கள் 2002ல் காட்டினார்கள். குரங்குக் கதை என்றாயே, இதெல்லாம் அந்தக் கதையின் அத்தியாயங்கள்தான்.

இன்னொன்றையும் கவனி. கிர் வகைகளைப் பெரிய பிரிவாக இரண்டாகச் சொல்வார்கள். ஒரு பிரிவு ஒரு விதத்தில் நல்லது, மற்றது வேறு விதத்தில் நல்லது. உலகத்தின் மனிதக் கூட்டங்கள் எல்லாவற்றிலும் இரண்டு பிரிவும் இருக்கின்றன. எந்த ஊர்க்காரனும், எந்தச் சாதிக்காரனும் "எங்க ரத்தத்துக்கு எதிர்ப்புச் சக்தி ஜாஸ்தி" என்று மீசை முறுக்க இதில் ஒன்றும் இல்லை. கலப்பும் வேறுபாடும்தான் இங்கே காவல். கொரோனா காலத்தில் வாட்ஸ்அப்பில் வந்த பெருமைகளை நீயும் படித்திருப்பாய், ஒன்றிரண்டை எனக்கே அனுப்பியிருக்கிறாய்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். அடுத்தவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

குனிந்த குரங்கு நிமிர்ந்து நிமிர்ந்து கடைசியில் மனிதனாக நடந்து போகிற படம் இருக்கிறதே, அந்தச் சார்ட்டை என் வகுப்பறைச் சுவரில் வருடக்கணக்கில் மாட்டி வைத்திருந்தவள் நான். ஒரு பிள்ளை எழுந்து, "அப்போ இன்னும் குரங்கு ஏன் குரங்காவே இருக்கு, டீச்சர்?" என்று கேட்டது. "பாடத்துல இருக்கறதைப் படி" என்று உட்கார வைத்துவிட்டேன். எனக்கே பதில் தெரியவில்லை. அந்தப் படம் ஏணியைக் காட்டுகிறது. பரிணாமம் ஏணி இல்லை, கிளை விட்ட மரம். இன்றைய குரங்கு நம் பாட்டன் இல்லை, பங்காளி. எலி கீழ்ப்படியும் இல்லை, நாம் மேற்படியும் இல்லை. எலியின் பிரேக் நம் பிரேக்குக்கு மட்டமும் இல்லை. கிர் குடும்பம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்றால், 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நம்மைப் பிரிந்த சிம்பன்சியிடம்கூட நம்முடைய கிர்ரோடு நேருக்கு நேர் பொருந்துவது சிலதுதான்.

2018ல் ஒன்றிய அரசின் கல்வித் துறை இணையமைச்சர் ஒருவர், குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை, டார்வின் சொன்னது தப்பு என்று பேசினார். நாடே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வகுப்புப் பிள்ளை கேட்ட கேள்வியின் மறுபாதி அது. பதில் சொல்லாமல் உட்கார வைத்த என்னைப் போன்ற ஆசிரியர்களின் வகுப்புகளிலிருந்துதான் இப்படிப் பேசுகிறவர்கள் வருகிறார்கள். பாடம் இருந்தபோதே நாங்கள் சரியாக நடத்தவில்லை. பாடமே இல்லாவிட்டால்?

கடைசியாக, பன்னிரண்டாம் வகுப்பில் வருமே என்பதற்கு வருகிறேன்.

வரும். யாருக்கு? உயிரியல் எடுத்தவர்களுக்கு. தம்பி, நீயே இரண்டு மாதம் முன்பு எழுதினாய், மகள் பதினொன்றில் காமர்ஸ் எடுக்கப்போகிறாள், சி.ஏ. படிக்க ஆசைப்படுகிறாள் என்று. நானும் வாழ்த்துச் சொன்னேன். அவளுக்கு எப்போது வரும்? அவளுக்குப் பத்தாம் வகுப்புதான் அறிவியலின் கடைசி வாசல். நாளைக்கு அவள் கர்ப்பமாக இருக்கும்போது மருத்துவர் ஏதோ சொல்லுவார். அவள் கையில் இருக்கும் போனில் நூறு பேர் நூறு சொல்லுவார்கள். எலிக்குக் கொடுத்தோம், புற்றுநோய் மறைந்துவிட்டது என்று ஒரு செய்தி வரும். அது எனக்குப் பொருந்துமா என்று கேட்க அவளுக்குத் தெரிய வேண்டாமா? பத்தோடு படிப்பை நிறுத்துகிற பிள்ளை, பாலிடெக்னிக் போகிற பிள்ளை, கடையில் வேலைக்குச் சேருகிற பிள்ளை, இவர்களுக்கெல்லாம் உடம்பு இல்லையா?

பாடச்சுமை அதிகம் என்பது பொய் இல்லை. முப்பது வருடம் அந்தச் சுமையைப் பிள்ளைகள் முதுகில் பார்த்தவள் நான். குறைக்கட்டும். மனப்பாடத்துக்கென்றே வைத்திருக்கும் பட்டியல்களைக் குறைக்கட்டும். மற்றதையெல்லாம் கோர்க்கும் நூலை உருவிவிட்டுச் சுமையைக் குறைத்தோம் என்றால், பூ உதிரியாகத்தான் கிடக்கும். பரிணாமம் இல்லாமல் நோய் எதிர்ப்புச் சக்தியை நடத்தினால் என்ன மிஞ்சும் தெரியுமா? படைவீரர்கள், கோட்டை, எதிரி என்று ராஜா கதை. பிள்ளை ரசிக்கும், பரீட்சையில் எழுதும். எலிக்கு ஏன் அந்தக் கண், நமக்கு ஏன் இந்தக் கண், நம் குரோமோசோமில் ஏன் ஒரு செத்த மரபணு கிடக்கிறது என்று கேட்டால் வாயடைத்து நிற்கும். நான் நின்றதுபோல.

அதனால் தம்பி, உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். நம் மாநிலப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் இங்கிலீஷிலும். அதில் பரிணாமப் பாடத்தை எடுத்து மகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படி. மார்க்குக்காக வேண்டாம். படித்துவிட்டு அவளிடமே உன் பிரேக் கேள்வியைக் கேள். அவள் என்ன சொல்கிறாள் என்று இங்கே வந்து எழுது. நான் சொன்னதில் தவறு இருந்தாலும் எழுது, திருத்திக்கொள்கிறேன். இந்த வயதிலும் திருத்திக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. புத்தகத்தில் இல்லாததை நடத்தக் கூடாது என்று யாரும் நம் வாயைத் தைக்கவில்லை. மரபுவழிப் பாடம் முடிந்ததும் இரண்டு பீரியடு போதும். கை, வௌவால் இறக்கை, பூச்சி இறக்கை, குடல்வால். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். தயவுசெய்து உட்கார வைத்துவிடாதீர்கள்.

பகிர விரும்புகிறவர்கள் தாராளமாகப் பகிரலாம். எதிர்க்கருத்து உள்ளவர்கள் மரியாதையோடு எழுதுங்கள், நேரம் கிடைக்கும்போது ஒவ்வொருவருக்கும் பதில் சொல்வேன்.